தண்டவாளம் போன பிறகும் இருக்கிற கல்

மங்கலத்திலிருந்து உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போய்வராதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. 'டாப் ஸ்டேஷன்' என்று பஸ் போர்டில் படித்திருப்போம். அது எந்த வண்டிக்கான ஸ்டேஷன் என்று கேட்டதில்லை.

ரயிலுக்கானதுதான். 1902-இல் குண்டலப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் ஓடி வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்தவை காளைகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பட்டி, பாலாறு தாண்டி டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டி கட்டி போடிக்குப் போகும்.

1924 ஜூலையில் எல்லாம் முடிந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்கள். மாட்டுப்பட்டிப் பக்கம் சரிந்த மண்ணும் மரமும் ஆற்றை அடைத்து, அந்த அடைப்பு பிறகு உடைந்தது என்பது அங்கே தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. பாதை அடித்துப் போனது. மறுபடி யாரும் போடவில்லை.

மலையில் தடம் போடுவது எப்படி என்று பார்த்தால் இது ஏன் நடந்தது என்பது புரியும். சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமன் செய்வார்கள். அப்படிச் செய்த நிமிஷமே, மேலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஓடைக்கும் குறுக்கே ஒரு கரை கட்டியாகிவிட்டது. ஓடைக்கு ஓடை வழி விட்டாக வேண்டும். ஊட்டி மலை ரயிலைப் பாருங்கள்: 46 கிலோமீட்டரில் 250 பாலங்கள். சராசரியாக 200 மீட்டருக்குள் ஒன்று. பெரும்பாலும், பயணிகள் கண்ணில் படாத சின்னக் கல் பாலங்கள்தான். அவற்றோடு, சரிவுக்கு மேலே தண்ணீரை மடக்கி ஓட்டும் வாய்க்கால்களும் உண்டு. இலங்கை மலையகத் தோட்டங்களில் இதைக் 'கான்' என்பார்கள். கான் வெட்டுவது அங்கே தனி வேலை.

பழைய கல் சிறுபாலத்தில் இரண்டு பக்கச் சுவர், மேலே பலகைக்கல், அடியில் கல் தளம், அவ்வளவுதான். கருங்கல் எவ்வளவு பாரத்தையும் அமுக்கத்தில் தாங்கும்; வளைந்து இழுபட்டால், அந்த வலுவில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். அதனால் பலகைக்கல்லை ஒரு மீட்டர் சுமாருக்கு மேல் நீட்ட மாட்டார்கள். அகலம் கூடினால் வளைவு கட்டுவார்கள். வளைவில் எல்லாக் கல்லும் ஒன்றையொன்று அமுக்கியே நிற்கும்.

சாந்து பூசாமல் அடுக்கிய சுவர் நீண்ட நாள் நிற்பதற்கு அதன் இடுக்குகளும் ஒரு காரணம். மண்ணில் ஊறிய நீர் அவற்றின் வழியே கசிந்துவிடும். அந்த வழி அடைபட்டு, சுவருக்குப் பின்னால் 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அடியில் சதுர மீட்டருக்கு 2 டன் அழுத்தம் விழும். எந்தச் சரிவிலும் மண்ணின் துகள்களுக்கிடையே நீர் அழுத்தம் ஏற ஏற, துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் கனமழையில் சரிந்த மலை லயத்து வீடுகளை மூடி 70 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். ஈர மண்ணைப் பற்றி எழுதும்போது அந்த இரவை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

இலங்கையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஓடிய குறுகிய ரயில் பாதை 1940-களில் மூடப்பட்டது. அதை வெள்ளம் கொண்டுபோகவில்லை, லாரிகள் வென்றுவிட்டன. இப்படிக் கைவிட்ட பாதைகளில் தண்டவாளம் பழைய இரும்பாகப் போய்விடும், கட்டையை விறகுக்கு எடுப்பார்கள். தண்ணீர் போகும் கல் மட்டும், எடுத்துப்போக லாயக்கில்லாததால் அங்கேயே கிடந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், அடைக்காத வரைக்கும். அடைப்பின் கணக்கு கொடியது. ஒரே சரிவில் குழாயின் விட்டம் பாதியானால் நீரோட்டம் பாதியாகாது, ஆறில் ஒரு பங்காகிவிடும்.

போன ஐப்பசியில் எங்கள் வீதி முனைச் சிறுபாலம் அடைத்துக்கொண்டது. தார் ரோட்டுக்கு அடியில் உளி கொத்திய தடம் தெரியும் பழைய பலகைக்கல். வேலைக்கு வந்த அண்ணன் கடப்பாரையை வைத்துவிட்டுக் கையாலேயே இழுத்தார். பனியன் கட்டிங் வேஸ்ட், சேறோடு சேர்ந்து கயிறு போல முறுக்கிக்கொண்டு வந்தது. நீலம், சிவப்பு, மறுபடி நீலம்.

"பைப்பா இருந்தா இன்னும் சிரமமுங்க. கல்லுங்கறதால ஆள் குனிஞ்சு உள்ள போக முடியுது," என்றார்.

கடைசிக் கொத்து வெளியே வந்ததும் உள்ளே ஒரு குடம் கவிழ்ந்தது போலச் சத்தம். முழங்கால் தண்ணீர் நொய்யல் பக்கம் இறங்கத் தொடங்கியது.