நெய்வேலி நகரியம்

நெய்வேலி நகரியம், தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள தொழில் நகரமாகும். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காகவே திட்டமிட்டு உருவாக்கப்பட்ட இந்நகரில் 2011 கணக்கெடுப்பின்படி ஒரு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர்.

வரலாறு

1930களில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது தண்ணீருடன் கருநிறப் பொருள் வெளிவந்தது. 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இங்கு துளையிட்டு ஆராய்ந்தது. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961இல்தான்.

இத்தாமதத்துக்குக் காரணம் உண்டு. கரிப்படலத்துக்கு மேலே 50 மீட்டருக்கும் கூடுதலான மண்ணும் கடலூர் மணற்கல்லும் கிடக்கின்றன. அடியிலோ அழுத்தம் மிகுந்த ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை. அதிலிருந்து இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்து வெள்ளம் புகும். எனவே நெய்வேலியில் கரி எடுப்பது என்பது பாதி நீர் இறைக்கும் வேலைதான். இறைக்கப்படும் நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்குச் செல்கிறது. சுற்றுவட்டார ஊர்களில் நிலத்தடி நீர் கீழே போய்விட்டது என்பது உழவர்களின் நீண்டகால முறையீடு.

பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். தொலைவுக்கு ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. குவித்து வைத்தால் தானே தீப்பற்றும். அதனால் சுரங்க வாயிலிலேயே சோவியத் உதவியுடன் முதல் அனல் மின் நிலையம் கட்டப்பட்டு, 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. அந்நிலையம் 2020இல் மூடப்பட்டது. வீட்டு அடுப்புகளில் எரிந்த 'லெக்கோ' கரிக்கட்டிகளும் இங்கு தயாரானவையே.

நகர அமைப்பு

நகரியம் 'வட்டம்' எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முகவரியில் தெருப்பெயருக்கு முன் வட்ட எண்ணையே கேட்பார்கள். அகன்ற சாலைகள், நிழல் மரங்கள், பள்ளிகள், மருத்துவமனை, குடிநீர் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. நகராட்சி போலத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இங்கு இல்லை. குடியிருப்பு வேலையோடு வருவது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவரும் இங்கு சொந்த வீட்டுக்காரர் ஆவதில்லை. பலர் இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம் போன்ற வெளிப்பகுதிகளில் மனை வாங்கித் தங்குகின்றனர். வேலுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரமும் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சியும் வெளியூர் மக்களையும் ஈர்ப்பவை.

நிலம்

சுரங்கம் விரியும்போதெல்லாம் முந்திரித் தோப்புகளும் நெல்வயல்களும் கையகப்படுத்தப்படுகின்றன. நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலையும் உரிய இழப்பீடும் கோரி வருகின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட நிலத்தில் விளைந்து நின்ற நெற்பயிர்மீது இயந்திரங்கள் இறக்கப்பட்டன. இது பெரும் போராட்டமாக மாறியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது.