வித்தாச்சு, பணம் எங்கே? லாபம் காட்டும் தொழிலையும் திணறவைக்கும் 'பில் கடன்'

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் உருவாகும் வழியைப் பாருங்கள். நூல் மில், நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், பவர் டேபிள் என்று சரக்கு கைமாறிக்கொண்டே போகும். ஆனால், ஒவ்வொரு முறையும் ரொக்கம் கைமாறுவதில்லை. பில் மட்டும்தான் போகும். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்ணே" என்ற ஒரு வார்த்தைதான் அங்கே கடன் பத்திரம். வங்கி இல்லை, அடமானம் இல்லை, விண்ணப்பமும் இல்லை. இதுதான் வர்த்தகக் கடன்.

வாங்குபவருக்கு இது வரம். கையில் காசில்லாமலே சரக்கை எடுத்து, விற்று, அந்தப் பணத்திலேயே பாக்கியை அடைக்கலாம். விற்பவருக்கும் லாபம் உண்டு. கடன் கொடுக்கும் கடைக்குத்தான் ஆர்டர் வரும். புதிதாகத் தொழில் தொடங்கியவரை நம்பி வங்கி கொடுக்காத பணத்தை, அவரைத் தினமும் பார்க்கிற நூல் வியாபாரி கொடுப்பார். பார்ட்டி எப்படிப்பட்டவர் என்று வங்கி மேனேஜரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? ஒரு சின்ன கணக்குப் போடுவோம்.

மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஒரு யூனிட். வாங்குபவர்கள் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். அப்படியென்றால் எந்த நாளிலும் 30 லட்சம் ரூபாய் வெளியே நிற்கிறது. இவர் மாதம் 6 லட்சத்துக்கு மூலப்பொருள் வாங்குகிறார், அவருக்குக் கிடைக்கும் தவணை 30 நாள். ஆக, இவர் கையிலிருந்து போட வேண்டியது 24 லட்சம். அதை 12% வட்டியில் ஓடி எடுத்துச் சமாளித்தால் வருட வட்டி 2.88 லட்சம். வட்டிக்கு முன் விற்பனையில் 6% லாபம் என்று வைத்தால், வருடத்துக்கு 7.2 லட்சம். அதில் 40% வட்டிக்கே போய்விட்டது! ஒரு பீஸ்கூட வீணாகவில்லை, ஒரு பார்ட்டிகூட ஏமாற்றவில்லை. தாமதம் மட்டும்தான்.

இதில் ஜிஎஸ்டி வேறு. மாதாந்திரக் கணக்கு தாக்கல் செய்பவர், பில் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். சனிக்கிழமை சம்பளமும் காத்திருக்காது. லாபக் கணக்கில் 'விற்பனை' என்று இருக்கும் தொகையை வைத்துக் கூலி கொடுக்க முடியாதே!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "பத்து நாளில் கொடுத்தால் 2% தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாள்" என்று ஒரு சப்ளையர் சொல்கிறார். 2% தானே என்று விட்டால், 20 நாள் தவணைக்காக 2% கொடுக்கிறோம் என்று அர்த்தம். வருடக் கணக்கில் சுமார் 37% வட்டி! ஓடி எடுத்தாவது ரொக்கம் கொடுப்பது மலிவு.

தவணையை யார் முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் பெரிய கை. அதனால்தான் 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க உச்சவரம்பு வைத்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் 'பேங்க் ரேட்'டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் பலமானதுதான். ஆனால் வட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் அடுத்த ஆர்டர் வருமா? அந்தப் பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை.

2023 பட்ஜெட் இந்த இடத்தில்தான் கை வைத்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு சேர்ந்தது. கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், நிஜமாகக் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். விற்பவர் சண்டை போட வேண்டியதில்லை, வாங்குபவரின் ஆடிட்டரே துரத்துவார். ஆனால் பக்கவிளைவும் வந்தது. இந்த விதி நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் பொருந்தாது. எனவே ஆர்டர்கள் அந்தப் பக்கம் போய்விடுமோ என்று சின்ன யூனிட்கள் கவலைப்பட்டன. அந்தக் கவலை நியாயமானதே.

சண்டை வேண்டாம் என்பவர்களுக்கு 'டிரெட்ஸ்' தளங்கள் இருக்கின்றன. வாங்குபவர் ஒப்புக்கொண்ட பில்லை அங்கே ஏலம் விட்டு, வங்கியிடமிருந்து முன்கூட்டியே பணம் எடுக்கலாம். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் உத்தரவிட்டது. பெரிய கம்பெனிக்கு நேரடியாக சப்ளை செய்பவருக்கு இது நல்ல வழி. சங்கிலியின் கடைசியில் இருக்கும் பவர் டேபிள்காரருக்கு அவ்வளவாக எட்டாது.

நீங்கள் சப்ளை செய்பவர் என்றால், உத்யம் பதிவு எண்ணை பில்லிலேயே போடுங்கள். தவணையை ஆர்டரில் எழுத்தில் வாங்குங்கள். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து இருக்கட்டும், நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். சரக்கில் குறை என்றால் வாங்குபவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து "கலர் சரியில்லை" என்று சொல்லி கெடுவைத் தள்ளிப்போட முடியாது.