சாப்பிட்ட பிறகு போட்டால் போதுமா?

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கினால் மருந்துக் கடையில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். எரிச்சலும் குமட்டலும் அதனால் குறையலாம். ஆனால் அதுவே வயிற்றைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவது தவறு. இதே வகையைச் சேர்ந்த ஆஸ்பிரின் போன்ற மருந்துகள், உடலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்று 1971-இல் ஆய்வாளர் ஜான் வேன் காட்டினார். இந்தத் துறை ஆய்வுக்காக 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலிக்கும் வீக்கத்துக்கும் துணைபோகும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலத்தைச் சுரக்கவைத்து, ரத்த ஓட்டத்தையும் பேணி, அமிலம் அரிக்காமல் காக்கிறது. மருந்து ரத்தத்தில் கலந்ததும் அந்தக் காவல் தளர்கிறது. ஆகவே இடுப்பில் போடும் ஊசியும், குடலில் கரையும்படி பூச்சிட்ட மாத்திரையும்கூடப் புண் வரும் அபாயத்தை நீக்குவதில்லை. 'மாத்திரை வயிற்றைக் கெடுக்கும், ஊசியே போடுங்க டாக்டர்' என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு நாள் பல்வலிக்குப் போட்டுக்கொள்ளும் எத்தனையோ பேருக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. 65 வயதைக் கடந்தவர்கள், முன்பே அல்சர் வந்தவர்கள், ஸ்டீராய்டோ ரத்தம் உறையாமலிருக்க மருந்தோ எடுப்பவர்கள், இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் போடுபவர்கள் ஆகியோருக்கு அது பல மடங்கு கூடுகிறது. எரிச்சல் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்ற கணக்கும் இவர்களுக்கு உதவாது. எந்த முன்னறிகுறியும் இல்லாமல், தார் போலக் கறுத்த மலமோ ரத்த வாந்தியோதான் பலருக்கு முதல் அறிகுறியாக வருகிறது.

வயிற்றைத் தொடாத வலி நிவாரணி வேண்டும் என்ற தேடலில் வந்ததுதான் 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரோஃபிகாக்சிப், அதாவது வயாக்ஸ். முடக்குவாத நோயாளிகள் 8,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், பழைய வகை வலி மாத்திரையான நாப்ராக்சன் எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களுக்கு இரைப்பைச் சிக்கல்கள் ஏறக்குறையப் பாதியாக இருந்தன. மாரடைப்போ அதிகமாக இருந்தது. 2004 செப்டம்பரில் உற்பத்தி நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. இந்த வகையில் செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் இன்றும் விற்பனையில் உள்ளன. வயிற்றுக்கு அவை மேலானவை. இதய நோயாளிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

சரி, கூடவே ஒரு 'கேஸ் மாத்திரை' போட்டால்? ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவை இரைப்பையையும் முன்சிறுகுடலையும் நன்றாகவே காக்கின்றன. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர்கள் அவற்றைச் சேர்த்து எழுதுவது சரியே. ஆனால் அதற்குக் கீழேயுள்ள குடலுக்கும், சிறுநீரகத்துக்கும், இதயத்துக்கும் அவை காவல் அல்ல. மருந்துச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்க அவை அனுமதியும் அல்ல.

அடுத்த முறை வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். முதுகு வலிக்கு ஒரு பெயரில் அசிக்ளோஃபெனாக், பல்வலிக்கு வேறு பெயரில் ஐபுபுரூஃபன் என்று ஒரே வகை மருந்தை இரட்டிப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம். பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். மலம் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.