பள்ளிக்கு மரப்பாத்தி: பலகையையும் மூலையையும் கவனியுங்கள்

தோட்டப்புற லயன் வீடுகளின் கொல்லையில் கீரையும் வெண்டையும் வளர்ந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அடுக்குமாடி வீடுகளில் வளரும் இன்றைய பிள்ளைகள் பலருக்கு மண்ணைத் தொட்டுச் செடி வளர்க்கப் பள்ளி வளாகமே இடம். அதற்காகப் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒரு சனிக்கிழமை கூடி மரப்பாத்தி கட்டுவதுண்டு. அவசரத்தில் அடித்த பாத்தியோ ஓரிரு மழைக்காலத்திலேயே வாய் பிளந்துவிடும்.

காரணம் மண்ணின் எடை. 6 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி உயரமுள்ள பாத்தி 18 கன அடி மண்ணைக் கொள்ளும். மழையில் நனைந்தால் அந்த மண் அரை டன்னுக்கும் மேல் கனக்கும். அது பலகைகளை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பதால், முதலில் விட்டுப்போவது மூலைதான்.

எனவே பலகையோடு பலகையை வைத்து ஆணி அடித்தால் போதாது. நான்கு மூலைகளிலும் உட்புறமாக 3 அங்குலச் சதுரக் கட்டையை நிறுத்தி, பலகைகளை அதில் முடுக்க வேண்டும். நீளப் பக்கங்களின் நடுவிலும் ஒவ்வொரு கட்டை தேவை. பலகை ஒன்றரை அங்குலக் கனமாவது இருக்கட்டும். ஆணிக்குப் பதில் துருப்பிடிக்காத ஸ்குரூ நல்லது. கெட்டி மரத்தில் முதலில் துளையிட்டுக்கொண்டால் பலகை பிளக்காது.

அகலம் 3 அடியைத் தாண்ட வேண்டாம். அப்போதுதான் பிள்ளைகள் பாத்திக்குள் கால் வைக்காமல், இரு பக்கமிருந்தும் நடுப்பகுதியை எட்ட முடியும். பலகையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் கையில் சிலாம்பு ஏறாது.

மரத்தில் செங்கால் கறையானையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும், விலைதான் அதிகம். மெராந்தி மலிவு, ஆனால் ஈர மண் பட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். பழைய வீட்டைப் பிரித்த செங்கால் பலகை கிடைத்தால் செலவு குறையும். ஆனால் பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால், சாயம் பூசிய பலகையைத் தவிர்க்க வேண்டும்.

விளைவதைப் பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள். ஆகவே, இலவசமாகக் கிடைக்கிறது என்று எந்த மரத்தையும் எடுத்துவிடக் கூடாது. பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கலாம். சிசிஏ மருந்தேற்றிய பலகையில் ஆர்செனிக் உண்டு. சரக்குப் பலகைகளில் 'எம்பி' முத்திரை இருந்தால் அது மீதைல் புரோமைடு புகையூட்டப்பட்டது, அது வேண்டாம். 'எச்டி' என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது. அதிலும் எண்ணெய்க் கறை, இரசாயன வாடை இருந்தால் ஒதுக்கிவிடலாம்.

பாத்தியின் அடிப்பகுதி திறந்தே இருக்கட்டும். புல்லின் மேல் அட்டையை விரித்து மண்ணை நிரப்பினால் களை அடங்கும், நீரும் வடியும். அடியில் பிளாஸ்டிக் விரித்தால் நீர் தேங்கி வேர் அழுகும். சுற்றிலும் நடைபாதையை மேடாக்கி, தண்ணீர் வாளிகளைக் கவிழ்த்து வைப்பது ஏடிஸ் கொசுவுக்கு இடம் தராது.

முதல் பயிராகக் கீரையோ காங்கோங்கோ போடலாம். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிக்கலாம் என்பதால் பிள்ளைகளின் ஆர்வம் குறையாது. பள்ளி விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற பட்டியலை மட்டும் பாத்தி கட்டும் அன்றே எழுதிவிட வேண்டும். மூலை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், இரண்டு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் செடி நிற்காது.