நகரும் கோழிக் கூண்டு

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

"சிவில் படிக்கிறவனுக்குக் கோழிக் கூண்டுல என்னடா வேலை? பாலம், அணைக்கட்டுன்னு ஏதாவது எழுது" என்றார்கள் மலர்க் குழு நண்பர்கள். பாலத்தைப் பற்றி எழுத நம் லைப்ரரியில் புத்தகம் நிறைய இருக்கிறது. நான் கட்டியது கோழிக் கூண்டு. அதைப் பற்றித்தானே எழுத முடியும்? மேலும், இதற்கும் கம்பி வளைக்க வேண்டும், லோடு கணக்குப் போட வேண்டும். ஆக இதுவும் ஒரு ஸ்ட்ரக்சர்தான் நண்பர்களே!

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். வீட்டில் சிறுவிடைக் கோழிகள் உண்டு. முட்டை விற்ற காசு அம்மாவின் கையில் தனியாக இருக்கும். நோட்டு, டிராயிங் ஷீட், பரீட்சை பீஸ் எல்லாம் பெரும்பாலும் அந்தக் காசில்தான் நடக்கும். அப்பாவின் கூலி வீட்டுச் செலவுக்கே சரியாகப் போய்விடும். போன வருஷம் ஒரே மாதத்தில் பதினோரு குஞ்சுகள் போயின. பாதியை நாய் தூக்கியது, மீதியைக் கீரியும் காக்காயும் பங்கு போட்டுக்கொண்டன. "இனிமே கோழியே வேணாம்பா, எல்லாத்தையும் வித்துப்புடலாம்" என்றார் அம்மா. அடைத்து வளர்க்கலாமே என்றால், அடைத்த கோழிக்குத் தீனி வாங்கிப் போட்டுக் கட்டுபடியாகாது. வெளியே விட்டால் நாய், உள்ளே விட்டால் தீனிச் செலவு. இதற்கு நடுவில் ஒரு வழி வேண்டும்.

உண்மையில் அந்த வழி நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான். பஞ்சாரத்தைப் பார்க்காதவர்கள் யார்? மூங்கில் சிம்பில் முடைந்து, அடியில்லாமல், கவிழ்த்து வைக்கிற கூடை. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் மூடி வைப்பார்கள். நிழல் நகர்ந்தால் பஞ்சாரமும் நகரும். நகரும் கூண்டுக்குப் பஞ்சாரம்தான் தாத்தா. ஆனால் அதில் ஒரு தாயும் அதன் குஞ்சுகளும்தான் அடங்கும். நாய் முட்டினால் உருண்டுவிடும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து விவசாயி ஜோயல் சலாட்டின் இதையே பெரிய அளவில் செய்தவர். 10 அடிக்கு 12 அடி, உயரம் 2 அடி, அடியில்லாத கூண்டு. அதில் 75 கறிக்கோழிகள். தினம் காலையில் கூண்டை அதன் அளவுக்கு நகர்த்திப் புதுப்புல்லில் வைப்பார். 1993-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அவருடைய கூண்டை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. அது எட்டு வாரத்தில் கறிக்குப் போகும் கோழிக்கானது, அதைத் தூக்க ஒரு தள்ளுவண்டியும் வேண்டும். ஆனால் தினமும் இடம் மாற வேண்டும் என்கிற அடிப்படை நமக்கும் பொருந்தும்.

ஏன் தினமும்? இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கோழிக்கு வரும் ரத்தக் கழிச்சல் நோயின் கிருமி எச்சத்தின் வழியாகத்தான் பரவுகிறது. எச்சத்தோடு வெளியே விழுந்ததும் அது உடனே தொற்றுவதில்லை. ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றி, அதன் பிறகுதான் தின்ற கோழியைப் பிடிக்கும். அது முற்றுவதற்குள் கோழி வேறு இடத்துக்குப் போய்விட்டால்? அதுதான் சூட்சுமம். குடற்புழு முட்டைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரே இடத்தில் நிற்கிற கூண்டு நாலு நாளில் நாறும், பத்து நாளில் நோய் வரும். நகர்கிற கூண்டில் புது மண்ணும் புதுப் பூச்சியும் தினம் கிடைக்கும். விழுகிற எச்சம் அந்த இடத்துக்கே உரம்.

ஆகவே கூண்டு தினமும் நகர வேண்டும். நகர்த்துவது யார்? நான் காலை ஆறரை பஸ்ஸுக்கு ஓடுகிறவன், அப்பா அதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவார். அம்மாதான், அதுவும் தனியாக! கனமாக இருந்தால் முதல் வாரம் நகரும், இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் நகரும், மூன்றாவது வாரம் நின்ற இடத்திலேயே வேர்விடும். ரொம்ப லேசாக இருந்தாலோ நாய் புரட்டிவிடும், ஆடிக்காற்று தூக்கிப் போய்விடும். அம்மா கிணற்றடியிலிருந்து தினமும் குடத்தில் தண்ணீர் எடுக்கிறார். ஒரு குடம் பன்னிரண்டு கிலோவாவது இருக்கும். ஒரு முனையைத் தூக்கினால் அந்தக் குடத்தை விடக் கனம் குறைவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதுதான் என் டிசைன் லோடு.

அடுத்து வடிவம். சதுரப் பெட்டியாகச் செய்தால் ஆடும். நம் மெக்கானிக்ஸ் வகுப்பில் படித்ததுதான்: மூட்டுகளை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழித்தால் வேண்டிய உறுப்புகளின் எண்ணிக்கை. சதுரத்தில் நாலு மூட்டு, வேண்டியது ஐந்து உறுப்பு, இருப்பதோ நாலு. ஆகவே குறுக்கே ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். முக்கோணத்தில் மூன்று மூட்டு, மூன்று உறுப்பு. கணக்கு நேர். கம்பி மிச்சம், கனமும் மிச்சம். மழைத்தண்ணீரும் நிற்காது, மேலே ஏறி மிதிக்க ஆடு மாட்டுக்கும் இடமில்லை.

தரையில் 8 அடிக்கு 4 அடி. சாய்ந்த பக்கம் ஒவ்வொன்றும் 4 அடி, உயரம் சுமார் மூன்றரை அடி. 32 சதுர அடியில் எட்டுக் கோழி வரை விடலாம், தலைக்கு 4 சதுர அடி. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பண்ணைகளின் கேஜ்களில் ஒரு கோழிக்குக் கிடைப்பது ஒரு ஏ4 தாளின் பரப்புக்கும் குறைவான இடம்தான். பரீட்சை எழுதும்போது அந்தத் தாளைப் பார்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கம்பி. கடையில் 8 மில்லி முறுக்குக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும், அதாவது 39 அடி 4 அங்குலம். எடை? விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.395 கிலோ. முழுக் கம்பி 4.7 கிலோ. ஒரே ஒரு கம்பியில் கூண்டின் இரும்பு வேலை முழுவதும் முடிகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். (நடுவில் மடித்துத்தான் கட்டித் தருவார்கள். அந்த மடிப்பை நிமிர்த்துவதற்குள் கை கொப்பளித்துவிடும். அந்த இடம் ஒரு மூலையில் வருகிற மாதிரி வெட்டுவது புத்திசாலித்தனம்.)

இரண்டு முனைக்கும் இரண்டு முழு முக்கோணம். ஒவ்வொன்றுக்கும் 13 அடி வெட்டுங்கள். இரண்டரை, ஆறரை, பத்தரை அடிகளில் சாக்பீஸ் குறி போட்டு வளைத்தால் மூன்று பக்கமும் 4 அடி வரும். அடிப்பக்கத்தில் இரு முனையும் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அங்கே கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் இறுக்குங்கள், வெல்டிங் தேவையில்லை. உள்கோணம் 60 டிகிரி வர வேண்டுமானால் கம்பியை 120 டிகிரி திருப்ப வேண்டும். நடுவில் வைக்கும் மூன்றாவதற்கு அடிப்பக்கம் வேண்டாம். இருந்தால் இழுக்கும்போது கோழியின் காலை வாரும். 9 அடித் துண்டை நடுவில் வளைத்து, இரண்டு நுனியிலும் ஆறு அங்குலம் கொக்கியாக மடித்தால் போதும். இதுவரை 35 அடி. மீதியில் ஓரடி நீளத்தில் நாலு முளை. கையில் மிஞ்சுவது நாலு அங்குலம்!

நீளவாட்டத்துக்கு மூங்கில், 8 அடியில் மூன்று. உச்சிக்கு ஒன்று, கீழ் மூலைகளுக்கு இரண்டு. முக்கோணத்தின் உள்மூலையில் மூங்கிலைப் பதித்துக் கட்டுக்கம்பியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். பிவிசி பைப் லேசுதான், ஆனால் வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். சவுக்கு நல்ல உறுதி, ஆனால் கனம். மூங்கிலுக்குப் பெரிய எதிரி உளுப்பூச்சி. உள்ளே இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் அது வருகிறது. பச்சை மூங்கிலை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்தச் சத்து வெளியேறிவிடும். எங்கள் அப்பத்தா இதை "பேய்வாடை வர்ற வரைக்கும் ஊறணும்" என்பார். நாற்றம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலையைக் கொடுப்பார்கள். அது கோழியை உள்ளே வைப்பதற்கு; நாயை வெளியே வைப்பதற்கு அல்ல. நாய் நாலு கடி கடித்தால் பிரிந்துவிடும். முக்கால் அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். 4 அடி அகலத்தில் 20 அடி போதும். 8 அடித் துண்டு இரண்டை உச்சியின் மேலாகப் போர்த்தினால் இரு பக்கமும் மூடிவிடும். மீதமிருக்கும் 4 அடியில் ஒரு முழு முக்கோணம் நடுவிலிருந்து கிடைக்கும். ஓரத்தில் மிஞ்சும் இரண்டு பாதிகளைச் சேர்த்துத் தைத்தால் மற்ற முனைக்கு ஆயிற்று. வெட்டிய நுனிகளைக் கொறடால் மடித்து விடுங்கள், கோழிக்கும் காயம் படாது, உங்களுக்கும் படாது. சாய்ந்த பக்கங்களில் மூலைக்கு மூலை ஒரு கம்பி இழுத்து முறுக்கினால் நீளவாட்டத்தில் ஆடுவதும் நிற்கும்.

கதவை எல்லோரும் முனையில்தான் வைக்கிறார்கள். எட்டடி ஆழத்தில் போய் உட்காரும் கோழியை அப்புறம் எப்படிப் பிடிப்பது? நீளப் பக்கத்தின் நடுவில் வையுங்கள், கையை நீட்டினால் இரு பக்கமும் எட்டும்.

பாதிக் கூண்டுக்கு நிழல் கட்டாயம். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற முடியும். தென்னங்கீற்று இரண்டு போதும். மழைக்காலத்தில் அதன்மேல் பழைய பிளெக்ஸ் பேனர். (பேரவைத் தேர்தல் முடிந்ததும் நான் சேகரித்த பேனரில் தோற்ற வேட்பாளர் ஒருவர் இன்றும் எங்கள் கோழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பெயர் வேண்டாம்.) முட்டையிட, படுக்கப் போட்ட ஒரு பெயின்ட் வாளியில் கொஞ்சம் வைக்கோல்.

சக்கரம் வைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். சக்கரம் வைத்தால் அடியில் சந்து விழும், கீரிக்கு அதுவே வாசல். நாங்கள் முன்முனையில் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். நாலு தானியத்தை முன்பக்கம் எறிந்தால் கோழிகள் அங்கே ஓடும். அப்போது மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் பின்கம்பி காலில் ஏறும். இரண்டு மூன்று நாளில் கோழிகளே பழகிவிடுகின்றன, கயிற்றைத் தொட்டதுமே முன்னால் வந்து நிற்கின்றன. தரை மேடுபள்ளமான இடத்தில் மண் நிரப்பிய சாக்கைச் சந்தில் தள்ளிவிடுங்கள். நாலு மூலையிலும் முளையடித்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும்.

இது பகல் கூண்டு என்பதை மறக்க வேண்டாம். மரநாயும் பெருச்சாளியும் இரவில் வரும். தோண்டுகிற பிராணிக்கு அடியில்லாத கூண்டு ஒரு பொருட்டே இல்லை. அந்தி சாய்ந்ததும் கோழிகள் பழைய கல்கூண்டுக்குத்தான் போகின்றன. அதேபோல வெள்ளைக் கழிச்சலையும் இந்தக் கூண்டு தடுக்காது. அதற்குக் கால்நடை மருந்தகம்தான். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. இதைத் தவறவிட்டால் கீரி தின்றது போக மிஞ்சியதை நோய் தின்றுவிடும்.

எல்லாம் கட்டி முடித்ததும் பழைய இரும்புக் கடைத் தராசைக் கடன் வாங்கி நிறுத்தேன். 14 கிலோ சொச்சம். ஒரு முனையைத் தூக்கினால் 7 கிலோ. செலவு எனக்கு 1,500 ரூபாய்க்குள் முடிந்தது, அதில் பாதிக்கு மேல் வலைக்கு. "இம்புட்டு படிச்சு கோழிக் கூண்டா தம்பி?" என்று ஆரம்பத்தில் சிரித்த அம்மா, ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. விற்பதற்காக விலை பேசிய கோழிகளுக்கு வாங்கிய முன்பணத்தை மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்களுக்கு இருபது தென்னை, 25 அடி இடைவெளி. வட்டப்பாத்திகளை விட்டுவிட்டால் வரிசைக்கு நடுவில் 13 அடிப் பட்டை. குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என ஒரு மரத்துக்கு ஒன்பது இடம். இருபது மரத்துக்கு 180 நாள். ஆக, மிதித்த மண்ணை மறுபடி மிதிக்க ஆறு மாதம் ஆகும். இப்போது கூண்டு ஏழாவது மரத்தில் நிற்கிறது. புதிதாகப் பொரித்த ஒன்பது குஞ்சுகளில் ஒன்பதும் இருக்கின்றன. முதல் மரத்தடியில் கோழி கிளறிப்போட்ட இடத்தில் அருகும் கோரையும் புதிதாகத் தழைத்திருக்கின்றன.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார், அதுவும் பன்னிரண்டு அடி நீளத்தில். அவருக்கு முழங்கால் வலி, வீட்டில் தனி ஆள். ஆறு அடிக்கு மேல் செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், கோபத்தில் இருக்கிறார். ஆறு அடிக் கூண்டுக்கு நடுக்கம்பி தேவையா என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னால் நல்லது. அளவுப் படம் டிராயிங் ஹாலில் என் மேஜை டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். திருப்பி வையுங்கள்.