அயல்நாட்டு வேலையும் தன்விவரக் குறிப்பும்

திண்டுக்கல் சமவெளியின் கிராமத்தார் பிழைப்பு நாடிக் கடல் கடந்து செல்வது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. இப்பகுதி மதுரை ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலத்தில், கங்காணிகளின் பின்னே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் பலர். அங்கே ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்லத் தொழிலாளிக்குத் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டியிருந்தது. அவர் பேரில் நிற்கும் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவரை விடுவிக்கிறோம் என்பதே அச்சீட்டின் வாசகம். அவருக்கு என்ன தொழில் தெரியும் என்பதை அது கூறவில்லை. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

இன்று அயல்நாடு செல்லும் இளைஞரின் சார்பில் பேசுவது வேறொரு தாள். 'பயோடேட்டா' என்று மக்கள் வழங்கும் தன்விவரக் குறிப்பே அது. அது கடனைக் கூறுவதன்று; திறமையைக் கூறுவது. ஆயினும் அதையும் வேறொருவர் எழுதித் தர, உரியவர் படித்துப் பாராமலே கையொப்பமிடும் வழக்கம் நம் கிராமங்களில் மிகுந்திருக்கிறது. அதனால் விளையும் கேடு பெரிது.

நம் வட்டாரத்து இளைஞர் ஒருவர் பட்டறையில் இரண்டாண்டுகள் வெல்டிங் வேலை பழகியவர். வளைகுடா நாட்டு வேலைக்கு அவர் விண்ணப்பித்தபோது, குழாய் வெல்டிங்கில் ஐந்தாண்டு அனுபவம் என்று இடைத்தரகர் ஒருவர் எழுதிவிட்டார். அங்கே குழாயைக் கையில் கொடுத்துச் சோதித்தபோது அவரால் இயலவில்லை. மூன்றாம் மாதமே ஊர் திரும்பினார். பயணச் செலவுக்காக ஒத்திக்கு வைத்த கிணற்றுப் பாசன நிலம் இன்னும் மீட்கப்படவில்லை. உள்ளபடி எழுதியிருந்தால், இரண்டாண்டு அனுபவத்திற்கேற்ற வேலையையே அவர் தேடியிருப்பார். ஆகவே இக்குறிப்பை எழுதும் முறையை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

பெயர் எழுதும் முறை

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது பெயர். நாம் தந்தையின் பெயரை முன்னெழுத்தாகச் சுருக்கி எழுதுகிறோம். பிற நாடுகளிலோ பெயரை இரு பகுதிகளாகக் கேட்கிறார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும், பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் பெயர் இருந்தால் இருவரோ என்ற ஐயம் எழும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, குறிப்பிலும் எழுத வேண்டும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையவர்கள் பார்வையாளர் விசாவில் வருவதற்கு ஐக்கிய அரபு அமீரகம் தடை விதித்ததை இங்கு நினைவு கூரலாம். பெயரை அடுத்து முகவரியும், இந்தியாவுக்குரிய 91 என்ற எண்ணுடன் தொலைபேசி எண்ணும் இடம்பெற வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எழுதலாகாது.

தொழிலைக் கூறும் முறை

குறிப்பின் உயிர்நிலை இப்பகுதியே. 'பூட்டுத் தொழில் தெரியும்' என்று மட்டும் எழுதினால் திண்டுக்கல்லில் உள்ளவருக்குப் பொருள் விளங்கும்; துபாயில் இருப்பவருக்கு விளங்காது. இரும்புத் தகடு வெட்டுதல், அரம் கொண்டு ராவுதல், துளையிடுதல், நெம்புகோல்களைச் சாவிக்கு இசையப் பொருத்துதல் என்று பிரித்து எழுதினால், கை நுணுக்கமும் அளவறிவும் உடையவர் இவர் என்பதை எந்நாட்டு முதலாளியும் உணர்வார்.

நூற்பாலையில் பணி செய்த பெண் 'மில் வேலை' என்று எழுதுவது போதாது. எந்தப் பிரிவில், எந்த இயந்திரத்தில், எத்தனை கதிர்களைக் கவனித்தார், எந்தக் கவுண்ட் நூல் என்று எழுத வேண்டும். விவசாயியின் மகனும் தமக்கு எழுத ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டியதில்லை. சொட்டுநீர்க் குழாய் அமைத்தல், மோட்டார் பழுது பார்த்தல், டிராக்டர் ஓட்டுதல், காய்கறிகளைத் தரம் பிரித்துக் கட்டுதல் ஆகிய யாவும் திறமைகளே. ஆனால் செய்தவற்றை மட்டுமே எழுத வேண்டும்.

காலமும் சான்றும்

கடைசியாகப் பார்த்த வேலையை முதலில் எழுதி, பின்னோக்கிச் செல்வதே உலக வழக்கு. ஒவ்வொரு வேலைக்கும் சேர்ந்த மாதம், விலகிய மாதம், ஆண்டு ஆகியன வேண்டும். இடையில் வேலையின்றி இருந்த காலத்தை மறைக்க வேண்டாம். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதையே எழுதலாம். அனுபவச் சான்றிதழ் கிடைக்காதபோது, வருங்கால வைப்புநிதிக் கணக்கின் பதிவு எங்கே, எத்தனை மாதம் வேலை பார்த்தோம் என்பதற்குச் சாட்சியாகும். படிப்பு, ஐ.டி.ஐ. சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், அறிந்த மொழிகள் ஆகியவற்றை அடுத்து எழுதலாம். எல்லாம் இரண்டு பக்கங்களுக்குள் அடங்குதல் நன்று.

நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். வளைகுடா நாடுகளுக்குப் புகைப்படமும் பிறந்த தேதியும் சேர்ப்பதுண்டு. பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளுக்குப் படம், வயது, திருமண நிலை ஆகியவற்றை எழுதுவதில்லை. சாதியை எந்நாட்டிற்கும் எழுத வேண்டியதில்லை.

யாரிடம் கொடுப்பது?

எழுதிய குறிப்பைத் தக்க இடத்தில் கொடுத்தாலன்றிப் பயனில்லை. 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்கி வருகிறது. தனியார் முகவரை நாடுவதாயின், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்தறியலாம். முகவர் பெறத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ரூ.30,000மும் அதற்குரிய வரியுமே. அசல் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்கலாகாது. பார்வையாளர் விசாவில் சென்று பின்னர் வேலை தேடலாம் என்று கூறுவோரை நம்பலாகாது.

ஊராட்சி செய்யத்தக்கது

இப்பணியில் ஊராட்சி மன்றங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மாதத்தில் ஒருநாள் மாலை, ஊரில் உள்ள ஆசிரியர் ஒருவரையும், அயல்நாட்டில் வேலை செய்து திரும்பிய ஒருவரையும் அழைத்து, வேலை தேடுவோரின் குறிப்புகளைப் படித்துப் பார்க்கச் செய்யலாம். ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொரு வரியையும் உரியவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, 'இது உண்மைதானா? சோதித்தால் செய்து காட்டுவீரா?' என்று கேட்க வேண்டும். தயக்கம் தோன்றும் வரியை அங்கேயே அடித்துவிடலாம். இதற்கு ஊராட்சி நிதியிலிருந்து ஒரு காசும் செலவாகாது. ஆனால் ஒரு குடும்பத்தின் நிலம் காப்பாற்றப்படும்.

முன்னோர் கொண்டுசென்ற துண்டில் பிறர் எழுதிய கடன் இருந்தது. நம் பிள்ளைகள் கொண்டுசெல்லும் தாளில் அவர்கள் கைத்திறனே இருக்கட்டும். அதுவும் அவர்களே அறிந்து எழுதியதாக இருக்கட்டும்.