மணி நாக்கில் ஒரு காகிதத் துணுக்கு

மைக்கேல் கிரைட்டனின் ‘தி ஆண்ட்ரோமெடா ஸ்ட்ரெய்ன்’ நாவலை முதன்முதலாகப் படித்தபோது நன்றாக ஏமாந்தேன். முன்பக்கத்தில் உதவியவர்களுக்கு நன்றி, நடுநடுவே கணினித் தாள்கள், கடைசியில் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். ஏதோ அரசாங்கக் கோப்பு கசிந்துவிட்டது என்றே நினைத்தேன். 1969-இல் அது வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது 26. ஹார்வர்டில் மருத்துவ மாணவர்.

விண்ணிலிருந்து திரும்பும் செயற்கைக்கோள் ஒன்று அரிசோனாவின் பீட்மான்ட் என்ற குக்கிராமத்தருகே விழுகிறது. உள்ளூர் மருத்துவர் அதைத் திறந்து பார்க்கிறார். அதோடு வந்த கிருமியால் ஊரே செத்து விழுகிறது. பாதுகாப்பு உடையோடு போன இரண்டு விஞ்ஞானிகள் அந்த மருத்துவரின் மணிக்கட்டைக் கீறுகிறார்கள். ரத்தம் வழியவில்லை; பொடியாக உதிர்கிறது. இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

பிழைத்தது இரண்டே உயிர். ஒரு கிழவர், ஒரு கைக்குழந்தை. கிழவருக்கு வயிற்றுப் புண். ஆஸ்பிரினை அள்ளி விழுங்குவார்; அடுப்பெரிக்க விற்கும் ஆல்கஹாலைக் குடிப்பார். குழந்தையோ ஓயாமல் வீறிடுகிறது. இவர்களுக்குள் என்ன பொருத்தம்? ஐம்பது வருடம் தாண்டிய கதை, விடையைச் சொன்னால் குற்றமில்லை. கிழவரின் ரத்தத்தில் அமிலம் ஏறிக்கிடக்கிறது. மூச்சிரைக்க அழும் குழந்தை கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றுவதால் அதன் ரத்தம் காரத்தின் பக்கம் சாய்கிறது. இரண்டுக்கும் நடுவில், ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில்தான் கிருமி செழிக்கிறது. மருத்துவம் படித்தவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

கிருமியைவிட என்னைக் கலங்கடித்தது ஒரு காகிதத் துணுக்கு. கிருமியை ஆராய்வது நெவாடாவில், நிலத்தடியில் உள்ள ஐந்தடுக்கு ஆய்வுக்கூடத்தில். கிருமி தப்பினால் கூடமே அணுகுண்டால் தன்னைத் தகர்த்துக்கொள்ளும். அடுக்குக்கு அடுக்கு ஆட்களைத் தோலை உரிக்காத குறையாகச் சுத்தப்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், அவசரச் செய்தி வந்தால் ஒலிக்க வேண்டிய தொலையச்சு மணி ஒலிக்கவில்லை. மணிக்கும் அதைத் தட்டும் நாக்குக்கும் இடையில், தாளின் விளிம்பிலிருந்து கிழிந்த ஒரு துணுக்கு சிக்கியிருந்தது, அவ்வளவுதான். கிருமியை அழிக்க அந்தக் கிராமத்தின்மேல் குண்டு போடும் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்ற செய்தி யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. போட்டிருந்தால், அந்த ஆற்றலையே தின்று கிருமி பெருகியிருக்கும்!

முடிவில்தான் கிரைட்டன் சறுக்குகிறார். கிருமி தானாகவே உருமாறிச் சாதுவாகிவிடுகிறது. இத்தனை மூளைகள் இராப்பகலாக உழைத்ததற்கு என்ன பலன் என்று கேட்கத் தோன்றும். ஆய்வுக்கூடத்தின் குண்டை நிறுத்தும் கடைசி நிமிட ஓட்டமெல்லாம் சினிமாவுக்காக எழுதியதுபோலிருக்கிறது. 1971-இல் படமாகவும் வந்தது.

ஆனால் அந்தக் காகிதத் துணுக்கு கதையில் மட்டும் இல்லை. நாவல் வந்த அதே ஆண்டு ஜூலையில் அப்போலோ 11 நிலவிலிருந்து திரும்பியது. நிலவில் கிருமி இருந்தால் என்ன செய்வது என்று அதில் வந்த விண்வெளி வீரர்கள் மூவருக்கும் 21 நாள் தனிமை விதித்திருந்தார்கள். பசிபிக் கடலில் மிதந்த கலத்தின் கதவைத் திறந்து, தனிமை உடைகளை உள்ளே போட்டார்கள். உள்ளே இருந்த காற்று அப்போதே வெளியே வந்திருக்கும். மூவரும் இறங்கி, கதவை மூடிய பிறகுதான் அதன்மேல் கிருமிநாசினி போட்டுத் தேய்த்தார்கள்.